பஸ்யூனி தின்னாத மொச்சை

எங்கள் தெருவில் ஃபூல் என்னும் மொச்சைக் கொட்டையை விற்கும் பஸ்யூனியைப் பற்றி யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். முப்பத்தெட்டு வருஷமாக மொச்சையை வேகவைத்து விற்கிறான், ஒரு கொட்டையைக்கூட வாயில் போட்டதில்லை. அவனுக்கு ஆகாதவர்கள் எங்கள் ஊரான தஸூக்கின் கடைத்தெருவில் இதையே வேறு மாதிரி சொல்லித் திரிந்தார்கள். விற்கிறவனே தின்ன மாட்டேன் என்கிறான், உள்ளே என்னத்தைப் போடுகிறானோ என்று. நான் எதிர்க்கடை, இஸ்திரி போடும் மெத்வல்லி. அந்தப் பேச்சு என் காதில் விழுந்தால் அன்றைக்கு அந்த ஆளின் சட்டை சாயங்காலம் வரை இஸ்திரிப் பெட்டியின் சூடுகூடப் படாமல் மூலையில் கிடக்கும்.

விடிந்ததும் அண்டாவின் மூடியைத் திறந்து முதல் தட்டை எனக்குத்தான் வைப்பான். வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்ப்பான். நான் மென்று விழுங்கும் விதத்தை வைத்து உப்பு எவ்வளவு, எலுமிச்சை எவ்வளவு என்று முடிவு செய்வான். ஒரு தடவை கடைவாய்ப் பல்லில் வலி, நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றேன். உப்பு போதவில்லை என்று நினைத்து ஒரு கை அள்ளி அண்டாவில் கொட்டிவிட்டான். அன்றைக்குத் தெருவே தண்ணீர்ப் பானையைத் தேடி ஓடியது. ஒரு வாரம் வரை வசை எனக்குத்தான் விழுந்தது, அவனுக்கு இல்லை.

மொச்சை ஆகாது என்பது அவனுக்கு ஐந்து வயதில் வந்தது. வசந்தத் திருநாள் அன்று ஊரே உப்புமீனும் வெங்காயமும் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகும். நாங்கள் இருவரும் வயலுக்குள் புகுந்து பச்சை மொச்சையைச் செடியிலிருந்தே பறித்துத் தின்றோம். ஒரே செடி, ஒரே காய். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் மறுநாள் சாயங்காலம் சுருண்டு படுத்தான். கண் மஞ்சள், உதடு வெள்ளை, ஒண்ணுக்குப் போனால் கொதிக்கவைத்த கறுப்பு டீ மாதிரி. ஆஸ்பத்திரியில் யாருடைய ரத்தத்தையோ ஏற்றிப் பிழைக்கவைத்தார்கள். இந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் மொச்சை ஆகாது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால் அவன் அப்பாவுக்கும் மொச்சைக்கடைதான். அந்த மனிதர் காலையில் இரண்டு தட்டு, இரவில் ஒரு தட்டு என்று எழுபத்தாறு வயது வரை தின்றுவிட்டுத்தான் போனார். பாட்டனாரும் அப்படியே. மகனுக்கு மட்டும் ஏன் ஆகவில்லை என்று அப்போதே யாராவது உட்கார்ந்து யோசித்திருக்கலாம். நாங்கள் யோசிக்கவில்லை.

எப்படி யோசிப்போம்? எங்கள் ஊரில் ஒருவனுக்குப் பெயர் என்பது தன் பெயர், அப்பா பெயர், அப்பாவின் அப்பா பெயர். அடையாள அட்டையிலும் அதுதான், கல்லறையிலும் அதுதான். வீடு அப்பா வழி, மூக்கு அப்பா வழி, முன்கோபம் அப்பா வழி. அம்மா பெயரை நாலு பேர் நடுவே சொல்லவே மாட்டோம். பள்ளிக்கூடத்தில் ஒருவனுடைய அம்மா பெயர் வெளியே தெரிந்துவிட்டால் அந்த வருஷம் முழுக்க அவன் தலை நிமிர முடியாது. பஸ்யூனியோடு ஐம்பத்தைந்து வருஷம் பழகியவன் நான். அவன் அம்மா கையால் எத்தனையோ தடவை ரொட்டி வாங்கித் தின்றிருக்கிறேன். அவர் பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது.

அதனால் பஸ்யூனிக்கு மகன் ஸப்ரி பிறந்ததும் சட்டம் போட்டுவிட்டான். என் பெயர் யாருக்குப் போகிறதோ அவனுக்குத்தான் என் நோயும் போகும், ஸப்ரி வாயில் மொச்சை படக்கூடாது. அடுத்துப் பிறந்த மகள் நவ்வாராவுக்கு எந்தத் தடையும் இல்லை. அவள் அண்டா ஓரத்திலேயே வளர்ந்தாள், கரண்டியை நக்கியே கன்னம் உப்பினாள். ஸப்ரி அதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்து, பெரியவனானதும் மின்சார வேலைக்குப் போய்விட்டான். இருபத்தெட்டு வயது வரை அப்பன் சொல்லைத் தட்டவில்லை. நல்ல பையன்தான், கொஞ்சம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

நவ்வாராவை மூன்று சந்து தள்ளி அஷ்ரஃபுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அஷ்ரஃப் அரிசி மில்லில் வேலை செய்கிறவன், சாது. அந்த வீட்டில் பேச்சு முழுவதும் அவன் அம்மாவுடையது. தெரு முழுக்க அவளை உம்மு அஷ்ரஃப், அதாவது அஷ்ரஃபின் அம்மா என்றுதான் கூப்பிடும். பதினோரு பேர் இருக்கும் வீடு. காலையும் இரவும் மொச்சை. அந்த அம்மாளுக்கு வாய் நீளம், ஆனால் கை தாராளம். பக்கத்து வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் முதல் ஆளாகப் பாத்திரத்தோடு போய் நிற்பாள்.

நவ்வாராவுக்கு மகன் பிறந்தான். தாஹா என்று பெயர். ஒன்பதாவது மாதம், கீழே இரண்டு பல் முளைத்ததும், பிள்ளைக்கு முதல் மொச்சை ஊட்ட வேண்டும் என்றாள் உம்மு அஷ்ரஃப். எங்கள் பக்கம் எல்லாப் பிள்ளைக்கும் அதுதானே. பஸ்யூனிக்குத் தலைகால் புரியவில்லை. மகள் பிள்ளை, அஷ்ரஃபின் பெயர் தாங்கியவன், தன் நோய் அந்தப் பக்கம் போகவே போகாது என்று அவன் கணக்கு. அண்டாவின் அடியிலிருந்து நன்றாகக் குழைந்ததாக எடுத்தான், ஒவ்வொரு கொட்டையாகத் தோல் உரித்தான், வடிகட்டியில் தேய்த்தான், ஒரு சொட்டு எண்ணெய் விட்டான். உப்பு இல்லை, சீரகம் இல்லை. கிண்ணத்தைத் துணியால் மூடிக் கையில் எடுத்துக்கொண்டு என் கடை முன்னால் நின்றான்.

"என் ரத்தத்துல ஒருத்தன் என் சமையலைத் திங்கப் போறான்யா. நான் பார்த்துட்டுத்தான் வருவேன்" என்றான்.

போய்த் தன் கையாலேயே ஊட்டிவிட்டு வந்தான். பிள்ளை சப்புக்கொட்டினானாம். அன்று முழுக்க வாடிக்கையாளர்களிடம் அதே பேச்சுதான்.

மூன்றாம் நாள் காலையில் நவ்வாரா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். முந்தின நாளே தாஹா சோர்ந்து போனானாம். பக்கத்து மருத்துவர் ஒருவர் கண்ணைப் பார்த்துவிட்டு வெறும் காமாலை, குளுக்கோஸ் கொடுங்கள், சரியாகிவிடும் என்று அனுப்பியிருக்கிறார். பஸ்யூனி பிள்ளையின் கண்ணைப் பார்க்கவில்லை. நேரே அரைத்துணியை அவிழ்த்துப் பார்த்தான். ஈரம் கறுப்பு டீ நிறத்தில் இருந்தது. பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது. கரண்டியை அண்டாவுக்குள்ளேயே போட்டுவிட்டு, கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு, பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தான். நான் இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா இல்லையா என்று இன்றைக்கும் நினைவில்லை. எதிரே வந்த முதல் வண்டியை மறித்து ஏறினோம்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே பஸ்யூனி சொல்லிவிட்டான், இது மொச்சைக் காமாலை, எனக்கு வந்தது இதேதான், ரத்தம் ஏற்றுங்கள் என்று. மருத்துவர் இனாஸ் முப்பது வயதுகூட இருக்காத பெண். சிரிக்கவும் இல்லை, சந்தேகப்படவும் இல்லை, உடனே சோதித்தாள். பிள்ளையின் ரத்தம் பாதிக்கு மேல் உடைந்து போயிருந்தது. அஷ்ரஃப் மில்லிலிருந்து ஓடி வந்தான், அவன் ரத்தம் பொருந்தியது. சாயங்காலத்துக்குள் தாஹாவின் உதடு சிவந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது, நீங்கள் துணியைப் பார்த்ததால்தான் பிள்ளை இருக்கிறான் என்று இனாஸ் பஸ்யூனியிடம் சொன்னாள். அவன் காதில் அது ஏறவில்லை. சுவரில் சாய்ந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவள் ஒரு தாளை எடுத்துக் கட்டமும் வட்டமுமாகப் போட ஆரம்பித்தாள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். அப்பா மொச்சை தின்பாரா என்று கேட்டாள். ஓநாய் மாதிரித் தின்பார் என்றான். சித்தப்பாக்கள்? அவர்களும்தான். அம்மா பெயர் என்ன, அந்தப் பக்கம் யாருக்காவது? அவன் எங்களைத் திரும்பிப் பார்த்தான். அறையில் நான், அஷ்ரஃப், அஷ்ரஃபின் அண்ணன்மார் இரண்டு பேர், உம்மு அஷ்ரஃப், அத்தனை பேரும் நின்றோம். அம்மா என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள் என்றான். அந்த வட்டம் பெயர் இல்லாமல் நின்றது.

அவள் சொன்னதை நான் எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நம் உடம்பின் ஒவ்வொரு துளியிலும் டி.என்.ஏ என்று ஒரு நீளமான எழுத்து இருக்கிறது, அதில் மரபணு என்பது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. மொச்சையின் விஷத்திலிருந்து ரத்தத்தைக் காப்பாற்றும் வரியைச் சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு இரண்டு சட்டை, ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. ஒன்று கிழிசலாக இருந்தாலும் பெரும்பாலும் மற்றதை வைத்து ஒப்பேற்றிவிடுவாள். ஆணுக்கு ஒரே ஒரு சட்டை, அதுவும் அம்மா கொடுப்பது. அப்பன் தன் சட்டையை மகளுக்குத்தான் தருவான், மகனுக்குத் தர முடியாது. அதாவது பஸ்யூனியின் கிழிசல் ஸப்ரிக்குப் போகவே இல்லை. நவ்வாராவுக்குப் போனது. அவள் தெரியாமல் அதை மகனுக்குக் கொடுத்துவிட்டாள். இருபத்தெட்டு வருஷமாகப் பஸ்யூனி காவல் காத்தது தப்பான பிள்ளையை.

ஸப்ரிக்கு அன்றைக்கே சோதனை செய்தார்கள், சுத்தமாக இருந்தான். மறுநாள் கடைக்கு வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தட்டு மொச்சை கேட்டு உட்கார்ந்தான். தெருவே கூடி நின்றது. நாலு வாய் தின்றான், கையைத் துடைத்தான்.

"இதுக்குத்தான் இத்தனை வருஷம் ஏங்கினேனா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டான். அந்தக் கவலையிலும் பஸ்யூனி சிரித்தான்.

தாஹா ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தான். அதற்குப் பிறகுதான் உண்மையான வம்பு. பிள்ளைக்கும் சோதனை செய்து ஒரு காகிதம் கொடுங்கள் என்று அஷ்ரஃப் கேட்டதற்கு, இப்போது பார்த்தால் ஏற்றின ரத்தமும் புதிதாக ஊறின ரத்தமும் பொய் சொல்லும், மூன்று மாதம் கழித்துத்தான் சரியாகத் தெரியும், அதுவரை ஒரு கொட்டைகூட வேண்டாம், துணிப்பெட்டியில் போடும் பாச்சா உருண்டையும் இதே மாதிரி ரத்தத்தை உடைக்கும், அதுவும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தாள் இனாஸ். காகிதம் இல்லை என்றதும் உம்மு அஷ்ரஃப் பிடித்துக்கொண்டாள். இது என் மகன் பெயர் தாங்கின பிள்ளை, என் வீட்டில் ஏழு தலைமுறையாக ஒருவனுக்கும் மொச்சை கெடுதல் செய்ததில்லை, பஸ்யூனியின் அண்டா அழுக்கு, ஊசிப்போனதை ஊட்டிவிட்டான், நான் என் அடுப்பில் சுத்தமாக வேகவைத்துக் கொடுக்கிறேன், என்ன ஆகிறது பார்க்கலாம் என்றாள். வெறும் வாய்ப்பேச்சு இல்லை. ஒரு வாரம் பொறுத்தாள், அப்புறம் ஒருநாள் கிண்ணத்தையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாளாம். நவ்வாரா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பன் வீட்டுக்கு வந்தாள். திரும்பிப் போக மாட்டேன் என்றாள். அஷ்ரஃப் தினமும் சாயங்காலம் வந்து வாசலில் நின்று பிள்ளையைக் கொஞ்சிவிட்டு, ஒன்றும் பேசாமல் போவான்.

அண்டா அழுக்கு என்ற பேச்சு தெருவுக்கும் வந்தது. பாதிக் கூட்டம் குறைந்தது. பஸ்யூனி அதைச் சட்டை செய்யவே இல்லை. நான்தான் எரிச்சலில் கத்தினேன், நீ போய் அந்தப் பொம்பிளையை நாலு கேள்வி கேளேன் என்று.

"கடை போனா போகுதுய்யா. நவ்வாரா எத்தனை நாள் இங்க இருப்பா? என்னைக்காவது புருஷன் வீட்டுக்குப் போய்த்தானே ஆகணும். அந்தக் கிழவி நம்பலேன்னா பிள்ளை வாயில கொட்டை போகும். எனக்கு அது ஒண்ணுதான்" என்றான்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து அஷ்ரஃப் வீட்டு ஆண்கள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்துப் போனான். என்னையும் இழுத்துக்கொண்டு போனான். டீ வந்தது, தொடவில்லை. உம்மு அஷ்ரஃப் கதவோரம் நின்று, அண்டாவைத் தேய்த்தாயா என்று ஆரம்பித்தாள். பஸ்யூனி சட்டைப்பையிலிருந்து இனாஸ் போட்டுக் கொடுத்த தாளை எடுத்து மேஜையில் விரித்தான். பெயர் இல்லாத அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்தான்.

"இது எங்கம்மா. எங்கம்மா பேரு ஸனிய்யா" என்றான்.

கூடத்தில் இருந்த அத்தனை ஆண்களும் தரையைப் பார்த்தார்கள். எனக்கே காது சூடாகிவிட்டது. அவன் நிறுத்தவில்லை.

"ஸனிய்யாவுக்கு ரெண்டு தம்பி. ஹில்மி, ஷவ்கி. ஹில்மிக்கு ஆறு வயசு. ஷவ்கிக்கு நாலு. வேற வேற வருஷம், ரெண்டு பேரும் மொச்சை காய்க்கிற மாசத்துல மஞ்சளாகிப் போய்ச் சேந்தாங்க. கண்ணு பட்டுடுச்சுன்னு சொல்லிப் புதைச்சாங்க. எங்கம்மா சாகுற வரைக்கும் அப்படித்தான் நம்பினா. எங்கம்மாகிட்டேர்ந்து எனக்கு வந்துச்சு. என்கிட்டேர்ந்து நவ்வாராவுக்கு. அவகிட்டேர்ந்து தாஹாவுக்கு. இதுல உங்க வீட்டுப் பேரு எதுவும் இல்ல, என் வீட்டுப் பேரும் இல்ல. நான் ஊட்டினேன், என் கையாலதான் ஊட்டினேன். அண்டா சுத்தமாத்தான் இருந்துச்சு."

அஷ்ரஃபின் அண்ணன் ஒருவன் எழுந்து டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனான், அதுவும் நிரம்பின டம்ளர்களை. உம்மு அஷ்ரஃப் அந்தத் தாளின் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. இனாஸ் கட்டமும் வட்டமும்தான் போட்டிருந்தாள், படிக்கத் தேவையும் இல்லை.

"சின்னவனுக்கு நாலா?" என்று கேட்டாள்.

"நாலு முடியல" என்றான் பஸ்யூனி.

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். திரும்பி வரும் வழியில், அம்மாவைச் சந்தியில் நிறுத்திவிட்டு வந்த மாதிரி இருக்கிறது என்று பஸ்யூனி சொன்னான்.

மறுநாள் காலை வழக்கம்போல் நான் முதல் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். உம்மு அஷ்ரஃப் தெருமுனையில் வந்தாள். தலையில் ஒரு மூட்டை. மூச்சு வாங்க வந்து அதைக் கடை வாசலில் தொப்பென்று போட்டாள். சாக்கின் வாயிலிருந்து காய்ந்த மொச்சை நாலைந்து உருண்டு ஓடின.

"வீட்டுல இருந்தது இவ்வளவுதான். நீயே வச்சுக்க. பழைய பானையையும் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிட்டேன். நவ்வாராவைச் சாயங்காலம் கூட்டிட்டுப் போக அஷ்ரஃப் வருவான், துணிமணியைக் கட்டிவை" என்றாள்.

பஸ்யூனிக்குப் புரியவில்லை. பிள்ளைக்குத்தானே ஆகாது, மற்றப் பத்து பேருக்கும் இது இல்லாமல் காலைச் சாப்பாடு இறங்காதே, நீங்கள் எதற்கு விட வேண்டும், தனியாக ஒரு மூலையில் வேகவைத்துத் தின்னலாமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். உருண்ட கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டே அவள் நிமிர்ந்து பார்த்தாள், இது என்ன கேள்வி என்பது மாதிரி.

"பின்ன, அவன் முன்னாடி உக்காந்து திங்கறதா?"

சொல்லிவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்த வழியே போனாள். பஸ்யூனி அண்டாவுக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தான். அவன் அழும் சத்தம் கேட்டது. அவனைப் பெற்றவள் முதல் கட்டியவள் வரை அவனுக்காக யாரும் ஒரு வேளை மொச்சையை விட்டதில்லை, நான் உட்பட. என் வாயில் ஒரு கவளம் இருந்தது, கையில் ரொட்டி இருந்தது. எனக்கு விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.